விரல் மாட்டிக்கொண்டால் பொறுத்துத்தான் போகணுமா?

கல்யாண வீடு, கோவில் பிராகாரம், ரேஷன் கடை வரிசை என்று நாலு பெண்கள் கூடுகிற இடத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. "காலையில எழுந்தா விரல் மடங்கினபடியே நிக்குதுக்கா. இன்னொரு கையால பிடிச்சு நிமிர்த்தினா 'டக்'குனு சத்தத்தோட நிமிருது." கேட்கிறவரும், "எனக்கும் ஒரு வருஷமா இருக்கு, பழகிப் போச்சு" என்பார். இந்தப் 'பழகிப் போச்சு' மீதுதான் எனக்கு ஆட்சேபம்.

டாக்டர்கள் இதை 'ட்ரிக்கர் ஃபிங்கர்' என்கிறார்கள். துப்பாக்கி விசையை இழுத்துவிட்ட மாதிரி விரல் துள்ளுவதால் அந்தப் பெயர். விரலை மடக்குகிற தசைநாண், சின்னச் சின்ன வளையங்களுக்குள் நுழைந்துதான் போகிறது. உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் இருக்கிற முதல் வளையம் தடித்து இறுகிப் போனால், நாணும் அங்கே புடைத்து மாட்டிக்கொள்கிறது. பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்து பட்டி வாயில் சிக்கிக்கொள்ளுமே, அதே கதைதான். ஆகவே இது சுளுக்கு அல்ல. எண்ணெய் போட்டு நீவி, வெடுக்கென்று இழுத்துவிடுகிறவர்களிடம் தயவுசெய்து கையைக் கொடுக்காதீர்கள்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. அதுவும் நாற்பது வயதுக்கு மேல். சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். விரல் மாட்டிக்கொள்கிறது என்றால், சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

என் ஓரகத்திக்கு வலது கை மோதிர விரலில் வந்தது. வீட்டில் யாரும் அதை வியாதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "நாங்கள்லாம் ஆட்டுக்கல்லுல ஆட்டினோம், எங்களுக்கு வரலியே" என்றார் மாமியார். அவள் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது அன்று சாயங்காலமே ஸ்பெஷலிஸ்ட்! இவளோ எட்டு மாதம் இடது கையால் விரலை நிமிர்த்தி நிமிர்த்தியே சப்பாத்தி மாவு பிசைந்தாள். கை பிடிக்காமல் டம்ளர் நழுவினால், கவனமில்லை என்று திட்டு வேறு. ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்: "ஆபரேஷன்னு சொல்லிட்டா பத்து நாள் யாருக்கா சமைக்கிறது?"

வலியைவிட அந்தப் பயம்தான் நம்மில் பலரைத் தடுக்கிறது. எடுத்த எடுப்பில் யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. ஆரம்பத்தில் போனால், கைக்கு ஓய்வு, விரல் மடங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு பட்டை என்று சில வாரம் பார்ப்பார்கள். அடுத்தது, அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். பலனும் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு கிடைப்பதில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் வளையத்தை வெட்டிவிடுவது. உள்ளங்கையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்து வெட்டித் தையல் போடுவது ஒரு வழி. தோலைத் திறக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசி முனையாலேயே உள்ளிருக்கும் வளையத்தை அறுத்துவிடுவது இன்னொன்று. சில நிமிட வேலை. விரலை மடக்கி நீட்டச் சொல்லி, மாட்டவில்லை என்று நம் கண்ணெதிரே பார்த்துவிட்டு, சின்னதாக ஒரு கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். தையலே கிடையாது. ஏதோ புதுச் சோதனை என்று பயப்படாதீர்கள். தோலைத் திறக்காமல் வெட்டும் முறையை 1958-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

இதையே எல்லாருக்கும் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் நரம்பு வெகு பக்கத்தில் ஓடுவதால், திறந்து பார்த்துச் செய்வதே நல்லது என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி முறையில் சில சமயம் வளையம் முழுசாக அறுபடாமல், மறுபடி செய்ய வேண்டியும் வரலாம். "எனக்கு எது பொருந்தும், ஏன்?" என்று வாய் திறந்து கேளுங்கள். பணம்தான் தடை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டலாம்.

தள்ளிப்போடுவதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. மாசக்கணக்கில் மடங்கியே கிடந்தால் விரலின் நடு மூட்டே இறுகிப்போகும். அப்புறம் வளையத்தை வெட்டினாலும் விரல் முழுசாக நிமிராது.

சிகிச்சை முடிந்ததும் விரலை அசைக்காமல் வைத்திருக்கக் கூடாது. மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் துணி பிழிவது, மாவு பிசைவது, முறுக்கு அச்சை அழுத்துவது மாதிரி இறுக்கிப் பிடிக்கிற வேலைகள் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இதை டாக்டர் வாயாலேயே வீட்டுக்காரர் எதிரில் சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள்!

– ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.