குற்றவாளி நோயாளியா?

விசாரணையின்றித் தண்டிக்கப்படுவோர் நமது நாட்டில் பலர் உண்டு. அவர்களுள் முதல்வன் ஏழை நோயாளி. வியாதி முற்றிய பிறகே வருகிறான். பாதி வைத்தியத்தில் மறைந்துவிடுகிறான். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை நம்புகிறான். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லை. இவையே அவன்மீது சாட்டப்படும் குற்றங்கள். படித்த கனவான்களும், உத்தியோகஸ்தர்களும், வைத்தியர்களில் சிலரும் இவற்றை ஒரே குரலில் சொல்லி வருகின்றனர். பிரதிவாதியின் கட்சியைக் கேட்டவர் யார்? ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எந்த நியாய ஸ்தலத்திற்கும் அழகன்று. ஆதலால், இவ்வழக்கில் இதுவரை கிடைத்துள்ள சாட்சியங்களைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதற் சாட்சியம் அண்டை மாகாணத்தைச் சேர்ந்தது. பெங்களூரில் உள்ள தேசிய க்ஷயரோக நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சன் என்பவரும் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் க்ஷயரோகிகளைத் தேடிச் சென்று விசாரித்தனர். அவர்களது ஆராய்ச்சி 1963-இல் வெளியாயிற்று. கிராமத்தான் தன் வியாதியை உணர்வதில்லை, உணர்ந்தாலும் விதியென்று வாளாவிருப்பான் என்பதே அக்காலத்துப் பெரியோர்களின் எண்ணம். ஆராய்ச்சி கண்டதோ வேறு. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கேடு இருப்பதை அறிந்திருந்தனர். ஏறக்குறையப் பாதிப்பேர் யாரும் ஏவாமலே வைத்தியசாலைக்குப் போயிருந்தனர். போனவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு புட்டி இருமல் மருந்து! கோழையைச் சோதிப்பார் இல்லை. வியாதியின் பெயரைச் சொல்வாரும் இல்லை. வந்தவனை வெறுங்கையாய்த் திருப்பி அனுப்பிவிட்டு, அவன் வரவேயில்லை என்று பிராது கொடுப்பது என்ன நியாயம்?

இரண்டாவது சாட்சியம் நமது சென்னையிலேயே உண்டு. 1956-இல் அங்கே ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில் 193 நோயாளிகளை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறு சானிடோரியத்தில் நல்ல உணவும், படுக்கையும், ஓய்வும் பெற்றது. மற்றொரு கூறு தங்கள் நெருக்கடியான குடிசைகளிலேயே இருந்துகொண்டு அதே மருந்தை உட்கொண்டது. 1959-இல் முடிவு வெளியானபோது உலக வைத்தியர்கள் வியந்தனர். வீட்டிலிருந்தோர் சானிடோரியத்தில் இருந்தோரைப் போல் பெரும்பாலும் குணமடைந்தனர். அவர்கள் வீட்டாருக்கும் அதனால் தொற்று அதிகமாகிவிடவில்லை. எழுத்தறியாத, வறிய ஜனங்களை நம்பி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கலாம் என்பதைச் சென்னை நகரத்து ஏழைகள் உலகிற்கு நிரூபித்துக் காட்டினர். சிலர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்பதும் சிறுநீர்ப் பரிசோதனையால் தெரியவந்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தூற்றிக்கொண்டு நிற்கவில்லை. வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை வகுத்தனர். நோயாளியின் குறையை வைத்தியத்தின் குறையாக எண்ணி அதைத் திருத்த முயன்றதே அவர்களது பெருமை.

மூன்றாவது சாட்சியம் வைத்தியரைப் பற்றியது. 67 தேசங்களின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி. நமது பொது ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளிப் பகுதியில் ஒருநாள் நின்று பார்த்தவர்க்கு, நாம் இவ்விரண்டில் எதற்கு அருகில் இருக்கிறோம் என்று சொல்லவேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில், நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை டாக்டர்களிடம் அனுப்பிச் செய்த பரிசோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஒரே டாக்டர் சர்க்கார் நிலையத்தில் இருக்கும்போது காட்டும் கவனத்தைவிட, தமது சொந்தக் கிளினிக்கில் அதிகக் கவனம் காட்டுகிறார், சரியான சிகிச்சையும் அதிகமாகத் தருகிறார் என்று அது கண்டது. படிப்பு ஒன்று, ஆள் ஒருவர். இடம் மாறினால் வைத்தியமும் மாறுகிறது! இதைப் பாமரன் ஆராய்ச்சியின்றியே அறிந்திருக்கிறான். அதனாலன்றோ கடன் வாங்கியாவது தனியார் வாசலை மிதிக்கிறான்?

இனி நமது ஜில்லாவுக்கு வருவோம். பச்சைமலையிலிருந்தோ, துறையூர், மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தோ ஒரு கூலியாள் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசினர் மருத்துவமனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வைத்தியம் இலவசந்தான். ஆனால் விடியுமுன் புறப்பட வேண்டும். பஸ் கட்டணம் இருவருக்கு. அன்றைய கூலி இருவருக்கும் இல்லை. வெளிநோயாளிகளைப் பார்க்கும் வேளையும் வயலில் வேலை நடக்கும் வேளையும் ஒன்றே. வரிசையில் நின்று, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி, முடிவைப் பார்க்க மறுநாள் வரச்சொல்லிவிட்டால் மறுநாள் கூலியும் போயிற்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் மருந்துக் கடைக்குப் போனால், அது அறியாமையன்று; கணக்குத் தெரிந்தவன் செய்யும் காரியம். அந்தக் கணக்கின் விலை சில வேளைகளில் ஓர் உயிர் என்பதே நம்மை வருத்துகிறது.

நம் முன்னோர் இதை எப்படிக் கருதினர் என்பதற்குக் காவேரிக்கு அப்பாலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதியைச் சேவிக்காதவர் சிலரே. ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், அக்கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. அது அழிவுற்ற பின், 1493-இல் கருடவாகன பட்டர் என்பார் அதனைப் புதுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. செங்கற்பட்டை அடுத்த திருமுக்கூடலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலைக்கு வைத்தியர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோரை நியமித்து, அவரவர் ஊதியத்தையும் விதிக்கிறது. பழம்பெருமை பேசிப் பொழுது போக்க இவற்றை நாம் சொல்லவில்லை. ஜனங்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே வைத்தியமும் இருக்கவேண்டும். யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பது எல்லோரும் காணக் கல்லில் இருக்கவேண்டும். இவ்விரண்டும் இக்காலத்திற்கும் பொருந்தும் விதிகள்.

இக்காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அபாண்டமாகும். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித் திட்டம் 1987 முதல் உண்டு. 1994-இல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகத்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஒழுங்காகச் சேர்கிறது. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, ரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து வீட்டு வாசலுக்கே போகிறது. 1956-இன் பாடத்தை நமது மாகாணம் அடியோடு மறக்கவில்லை. ஆயினும் மருந்து போகும் வீட்டுக்கு வைத்தியரின் மனம் போகிறதா என்பதே கேள்வி.

இங்கேதான் வைத்தியப் படிப்பைப் பற்றிப் பேசவேண்டியதாகிறது. 1946-இல் அறிக்கை தந்த போர் கமிட்டியார், நோயைத் தடுக்கவும் சமூகத்தை அறியவும் கற்ற 'சமூக வைத்தியர்' வேண்டும் என்றனர். அதே அறிக்கையில் எல்.எம்.பி. படிப்பை ஒழித்து ஒரேவகைப் பட்டம் இருக்கட்டும் என்றும் பெரும்பான்மையோர் சொன்னபோது, சில அங்கத்தினர் மாறுபட்டு எழுதினர். எல்.எம்.பி. போயிற்று, சமூக வைத்தியர் வந்தபாடில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், அரிய வியாதிகளைப் பார்த்துப் பயின்ற இளைஞனை நாட்டுப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினால் அவன் தவிப்பது இயல்பு. அவனையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரே காலையில் நூறு பேரைப் பார்க்கும்படி விட்டுவிட்டு, இன்சொல் பேசவில்லை என்று கடிவது தர்மமாகாது.

நமது நகரில் 1997-இல் ஏற்பட்ட அரசினர் மருத்துவக் கல்லூரி, முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழுக்காக வாழ்ந்தவர் பெயரால் நடக்கும் கல்லூரியில், நோயாளியிடம் அவன் மொழியில் வியாதியை விளக்கும் வித்தைக்குப் பரீக்ஷையில் மார்க் இருக்கவேண்டாமா? மேற்பட்டப் படிப்பினர் மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் பணியாற்ற வேண்டுமென்று 2020-இல் விதி செய்யப்பட்டது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்றுக் கவனிக்கவேண்டும் என்றும் பிறகு விதி வந்தது. விதி நல்லது. கையெழுத்துப் போட்டு நோட்டுப் புத்தகத்தை நிரப்புவதோடு அது முடிந்துவிடலாகாது.

ஆகவே நாம் கோருவன நான்கு. மாதத்தில் சில நாட்களேனும் மாலை வேளையில் வெளிநோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். பரிசோதனையும் முடிவும் கூடியவரை ஒரே நாளில் கிடைக்கவேண்டும். மாணவர் பயிற்சியில் கணிசமான பகுதி துறையூரிலும் மணப்பாறையிலும் மலையடிவாரத்திலும், தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில் நடக்கவேண்டும். அங்கே பணி செய்யும் டாக்டருக்கும் தாதிக்கும் வசிக்கத் தகுந்த வீடும், இரவில் பாதுகாப்பும் வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன், பர்மாவில் பணி செய்து, இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்தும், தம் ஊர்ப் பக்கமே திரும்பி வைத்தியம் செய்தார். 1937-இல் சென்னை மாகாணச் சுகாதார மந்திரியுமானார். வைத்தியமும் பொதுத் தொண்டும் வேறல்ல என்பதற்கு இவ்வூரிலேயே உதாரணம் இருக்கிறது. பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்று. மேடையில் ஆஸ்பத்திரியைக் குறைகூறுவது எளிது. உங்கள் வார்டில் வைத்தியத்தைப் பாதியில் விட்டவர் வீட்டுக்குச் சென்று, ஏன் விட்டாய் என்று அதட்டாமல், எது தடுத்தது என்று கேளுங்கள். அந்த விடைகளைத் திரட்டிக் கல்லூரித் தலைவரிடமும் ஜில்லா அதிகாரிகளிடமும் கொண்டு சேருங்கள். நோயாளியின் வாக்குமூலம் இன்றளவும் இவ்வழக்கில் பதிவாகவில்லை. அது பதிவாகும் வரையில் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.