பழைய கார் பிரியர்களைத் தேடும் ஆப்பிரிக்கச் சாலைகள்

இரண்டு ஆண்டு தன்னார்வப் பணிக்காக ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் ஒருவர் வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். கொட்டகையில் 1960களின் மோரிஸ் மைனர் ஒன்று நின்றால் மட்டும் கிளம்புவது அவ்வளவு சுலபமல்ல. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும் என்பதால் அச்சுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அதுவும் ஈரத்தை இழுப்பதோடு, அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். எலிகளுக்கு வயர் மேலுள்ள உறை பிடித்த தீனி.

இத்தனையையும் கவனித்துவிட்டுப் புறப்படுகிறவர், தன்னை அறியாமலேயே ஒரு பெரிய தொழில்திறனைக் கூடவே கொண்டுபோகிறார். அவரை அனுப்பும் அமைப்புகளில் பலவற்றின் கண்ணுக்கு அந்தத் திறன் தெரிவதில்லை. பழைய காரைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் விண்ணப்பப் படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்துக்குள் ஒதுங்கிவிடுகிறது. வால்வ் இடைவெளியைக் கேட்டே சொல்லிவிடக்கூடிய காது உடையவரை, போய் இறங்கிய ஊரில் கணக்கு எழுதவோ ஆங்கிலம் கற்பிக்கவோ உட்கார வைத்தால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கும்தான்.

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958-ல் தொடங்கியபோது அனுப்பியது பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை. அமெரிக்க அமைதிப் படை 1961-ல் முதன்முதலாகக் கானாவுக்கு அனுப்பிய குழு ஆசிரியர்களால் ஆனது. வெளிநாட்டுச் சேவை என்றால் ஆசிரியர், செவிலியர், மருத்துவர் என்று மனத்தில் பதிந்துபோனது அப்படித்தான். அந்த மருத்துவரை மலைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் வண்டி நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது.

எழுப்பியவர்கள் மோட்டார் பந்தய உலகத்துக்காரர்கள். அமெரிக்க வீரர் ராண்டி மமோலா 500 சி.சி. உலகப் பந்தயத்தில் நான்கு முறை இரண்டாம் இடம் பிடித்தவர். பந்தயங்களைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் பாரி கோல்மன், மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவரான பாரியின் மனைவி ஆண்ட்ரியா ஆகியோருடன் சேர்ந்து மமோலா குழந்தைகள் நலனுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார். 1980களின் பிற்பகுதியில், அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க மமோலாவும் பாரியும் சோமாலியாவுக்குப் போனார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொடையாக வந்த மோட்டார் சைக்கிள்கள் ஓடாமல் குவிந்து கிடந்ததை அங்கே கண்டார்கள். பலவற்றுக்குச் சிறு பழுதுதான். வேறு யாராவது பார்த்திருந்தால் புதிய வண்டிகள் வாங்க நன்கொடை கேட்டிருப்பார்கள். வண்டியோடு வாழ்ந்தவர்கள் என்பதால் இவர்களுக்கு உண்மை உடனே புரிந்தது: பராமரிக்க ஆளோ ஏற்பாடோ இல்லாமல் வண்டி கொடுப்பது வீண் செலவு.

அந்த அறிவிலிருந்து பிறந்தது ‘ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்’ அமைப்பு. லெசோத்தோ, ஜிம்பாப்வே, காம்பியா போன்ற நாடுகளில் இது செய்த வேலை வெளியே பெரிதாகத் தெரியாதது. வண்டி ஓட்டும் சுகாதாரப் பணியாளர் தினமும் காலையில் பெட்ரோல், ஆயில், செயின் இறுக்கம், நட்டு, போல்ட்டு, பிரேக் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தேயும் உறுப்பை அது உடைவதற்கு முன்பே, குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும். நடுவழியில் ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது என்பது இலக்கு. லெசோத்தோவின் மலைக் கிராமங்களிலிருந்து இரத்த, சளி மாதிரிகள் மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஒழுங்கினால்தான். எச்.ஐ.வி.யும் காசநோயும் கடுமையாகத் தாக்கிய நாடு அது. பழைய கார் வைத்திருப்பவரிடம் இந்த விதிகளைக் காட்டினால் அவர் வியக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்துவந்ததே இதுதானே.

தேர்ந்த மெக்கானிக் என்றால் கம்ப்யூட்டரை இணைத்துக் கோளாறு எண்ணைப் படிப்பவர் என்று ஆகிவிட்ட காலத்தில், பழைய கார்க்காரரின் அறிவு காலாவதியானது என்று தோன்றலாம். உதவி நிறுவனங்களின் வண்டிகளைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். டொயோட்டா லேண்ட் குரூசரின் 70 வரிசை 1984-ல் வந்தது. இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளும் மருத்துவக் குழுக்களும் கரடுமுரடான பாதைகளுக்கு நம்புவது அதைத்தான். அதில் வந்த 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் மின்னணுக் கருவிகளைச் சாராமல், முழுக்க இயந்திர முறையில் எரிபொருளைச் செலுத்துவது. தடுப்பூசி கொண்டுபோகக் குளிர்பெட்டியோடு வடிவமைத்த இந்த வகை வாகனம் ஒன்றுக்கு 2021-ல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஏற்பு கிடைத்தது. 1968-ல் பிறந்த பெஜோ 504 ஐரோப்பாவில் சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. நைஜீரியாவிலும் கென்யாவிலும் அது 2000க்குப் பிறகும் தயாரிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெடுஞ்சாலைகளில் பங்கு டாக்சியாக ஓடி ஓடிச் சோறு போட்டது.

பழைய இயந்திர அறிவு ஒரு சமூகத்தையே எப்படித் தாங்கும் என்பதைத் தமிழர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் கார்களை அங்குள்ள மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது முடிந்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்தக் கார்கள்தான், கலியாணத்துக்குப் போவதும் அவற்றில்தான். அந்த மெக்கானிக்குகளில் ஒருவரை எந்த உதவி நிறுவனத்தின் பட்டறையில் நிறுத்தினாலும் அவர் அங்கே தலைமைப் பொறுப்புக்கு உரியவர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வெளியிலிருந்து போகிறவர் உள்ளூர் மெக்கானிக்கின் வேலையைப் பறிக்கக் கூடாது. கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்றொரு பகுதி இருக்கிறது. முன்பு ஆயுதக் கிடங்கு இருந்த இடம். இன்று பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் எஞ்சினைப் பிரிக்கிறார்கள், உதிரி பாகம் வார்க்கிறார்கள், இரும்பை வெட்டி ஒட்டி லாரிக்கு உடல் கட்டுகிறார்கள். கிடைக்காத உறுப்பைக் கையாலேயே செய்துவிடும் அந்தத் திறமைக்கு முன்னால் பர்மிங்காமிலிருந்து வரும் கார் பிரியர் மாணவராகத்தான் உட்கார வேண்டும். அவர் கொடுக்கக்கூடியது வேறு: பதிவேடு, கால அட்டவணை, அளவுகோல், உடைவதற்கு முன் மாற்றும் பழக்கம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கிற மனிதர் அவர். மருத்துவமனை வண்டிகளுக்கு அந்தக் குறிப்பேடுதான் வேண்டும்.

இதை உணர்ந்த அமைப்புகளும் உண்டு. மருத்துவமனைக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பும் ‘மெர்சி ஷிப்ஸ்’ 1978-ல் தொடங்கப்பட்டது. அறுவை மருத்துவர்களோடு வாகன மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் ஆகியோரையும் தன்னார்வலர்களாக அது சேர்த்துக்கொள்கிறது. கப்பலில் தங்கும் செலவை அவர்கள் தாங்களே ஏற்கிறார்கள். கத்தி பிடிப்பவருக்கும் ஸ்பானர் பிடிப்பவருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு என்ற அந்த ஏற்பாடு எல்லா அமைப்புகளுக்கும் வர வேண்டும். வாகனம் வாங்கித் தரும் கொடையாளர்கள், அந்த வாகனம் ஓயும் நாள்வரைக்குமான பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்காத கொடையை வாங்க மறுக்கும் உரிமை சுகாதாரத் துறைகளுக்கு இருக்க வேண்டும்.

காரைப் பிரிந்து போகத் தயங்குபவரின் மனக்கஷ்டத்தை எவரும் சிறிதாக எண்ண வேண்டாம். கையால் துடைத்து வளர்த்த ஒன்றை இருட்டில் விட்டுப் போவது கஷ்டம்தான். ஆனாலும் ஒழுங்காக மூடி வைத்த மோரிஸ் மைனர் இரண்டு ஆண்டு காத்திருக்கும். நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து எஞ்சினைக் கையால் சுழற்றிவிட்டால் போதும். தடுப்பூசி ஏற்றிய வண்டி ஒரு நாள்கூட நிற்க முடியாது.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பழைய ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் கார்களைச் சொந்தக் கையால் ஓடவைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பின் ஓராண்டை ஒதுக்கக் கூடியவர்கள் அவர்களில் பலர். வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அவர்கள் அந்த வேலையைப் பொழுதுபோக்குக் கட்டத்தில் எழுத வேண்டாம். தொழில்திறன் என்ற கட்டத்தில், எந்தெந்த எஞ்சினை எப்படிப் பிரித்துச் சேர்த்தார்கள் என்ற விவரத்தோடு எழுதட்டும்.