இயல்பு என்னும் சாக்கு

"மனித இயல்பே அப்படித்தான், சாமி!" மேலூர் வட்டாரக் கிரானைட் முறைகேட்டைப் பற்றித் திருவாதவூரில் பேச்செழும்போதெல்லாம் நாம் கேட்கும் மறுமொழி இது. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஆதிப்பாவம் மனிதச் சித்தத்தைத் தளர்த்தியதேயன்றி அழித்துவிடவில்லை என்று 1547-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அறுதியிட்டது. வாயிலில் பதுங்கிய பாவத்தை அடக்கியாளுமாறு காயினிடம் ஆண்டவர் கேட்டது இயலாத காரியமன்று. கறைபடாமல் வேலை பார்க்கவொண்ணாது என்பாருமுளர். ஆதாமுக்குத் தோட்டவேலை தரப்பட்டது பாவத்திற்கு முன்பேயல்லவா? பாறைகள் தாமாகவா இறங்கி நடந்தன? ஒரு கை லாரியை அனுப்பிற்று. ஒரு கண் பாராதிருந்தது. அதே இயல்புடைய ஆட்சியர் சகாயம்தான் 2012-இல் அரசுக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டு எழுதினார். (அவ்வாண்டே அவருக்கு மாற்றலும் வந்தது!) குவாரிகளைப் பழிக்கும் நம் வீடுகளில், கொத்தனாரின் சனிக்கிழமைக் கூலியில் நாம் பிடித்துவைத்த பாக்கி எவ்வளவு?