மெமரி கார்ட் கமராவுக்குள்ளேயே இருக்கலாமா?

வீடுகளுக்குப் போகும்போது பழைய டிஜிற்றல் கமராவைக் கொண்டுவந்து, "தங்கச்சி, மெமரி கார்ட் உள்ளுக்கே கிடக்கட்டுமோ, கழற்றி வைக்கிறதோ?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் 2009 இற்கு முன் எடுத்த மகனின் படமோ கணவரின் படமோ இருக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரின் கைகளில் இருந்தவையும் பிள்ளைகளின் படங்கள்தான்.

நாளாந்தம் பாவிக்கும் கமராவென்றால் கார்ட் உள்ளே இருக்கலாம். தூசி படாது, தொலையாது. பெட்டிக்குள் பூட்டி வைக்கும் கமராவென்றால் பற்றரியையும் கார்டையும் கழற்றிவிடுங்கள். பற்றரி கசிந்தால் கமரா பழுதாகும். கமரா களவுபோனால் படமும் போய்விடும். கமராவை நிறுத்திய பின்பே கார்டை எடுங்கள். எஸ்.டி. கார்டின் ஓரத்திலுள்ள சிறிய பூட்டை 'லொக்' பக்கம் தள்ளிவிட்டால், கமராவில் கைதவறி அழிபடாது. ஈரம் படாத சிறு டப்பாவில் வையுங்கள்.

ஆனாலும் கார்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. அது படங்களை மின்னேற்றமாகவே வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த மின்னேற்றம் மெல்லக் குறையலாம். ஆகவே கணினியில் ஒரு பிரதி, பென்ட்ரைவில் இன்னொரு பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். முக்கியமானவற்றைக் கடதாசியில் அச்சிடுங்கள். கடையில் கார்டை விட்டுவிட்டு வராமல், பக்கத்தில் நின்றே பிரதி எடுப்பியுங்கள். படங்கள் அழிந்திருந்தால் அந்தக் கார்டில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், மீட்க வாய்ப்புண்டு.

பிள்ளையின் படம் ஒரேயொரு இடத்தில் மட்டும் இருக்க விடாதீர்கள்.