மின்னேற்றி வாங்கப் புகுமுன்

சீனக்குடாக் காட்டினுள்ளே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது நடத்திய தாக்குதலையும் கடந்து நிற்பவை அவை. இத்தனை தாங்கிகளை அயலில் வைத்துக்கொண்டே 2022ஆம் ஆண்டில் நம்மூரவர் ஒரு கலன் பெற்றோலுக்காக இரவு பகலாய் வரிசையிற் கிடந்தனர். அந்த வரிசையை மறவாத குடும்பங்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் மின்சாரக் காரை நாடியதில் வியப்பில்லை.

கார் வந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் கேள்வி, எந்த மின்னேற்றியைச் சுவரில் மாட்டுவது என்பது. எத்தனை கிலோவாற்று, எந்த நாட்டுச் சரக்கு, கைத்தொலைபேசியால் இயக்கலாமா என்றெல்லாம் எம்மிடம் கேட்கும் அன்பர்கள், தம் வீட்டு ஏர்த் எந்நிலையில் இருக்கின்றது என்பதை மட்டும் கேட்பதில்லை. நாமோ அதனையே முதலாவதாகக் கொள்வோம். ஆயினும் கேட்ட ஒழுங்கிலேயே விடை கூறுதல் மரியாதை.

சுவரில் மாட்டும் பெட்டியை மின்னேற்றி என்று வழங்கினாலும், உண்மையான மின்னேற்றி காரினுள்ளேயே இருக்கின்றது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு ஊட்டுவது அதுவே. சுவர்ப் பெட்டி ஒரு வாயிற்காவலன். இவ்வளவு அம்பியர் எடுக்கலாம் என்று காருக்கு அறிவிப்பதும், பழுது கண்டால் கதவை அடைப்பதும் அதன் தொழில். ஆகவே 22 கிலோவாற்றுப் பெட்டியை மாட்டினாலும், காரினுள் உள்ள கருவி 7 கிலோவாற்றுக்கு மேல் ஏற்காதாயின் ஏழுதான் கிடைக்கும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுக்கு வந்த நிசான் லீப் கார்களிற் பல 3.3 கிலோவாற்றோடு அமைதி கொள்பவை. கார்க் கையேட்டில் இந்த எண்ணைப் பார்த்தபின் கடைக்குப் போவது நலம்.

கடையில் என்ன சொல்வார்கள்? “சேர், ஏழு கிலோவாற்று போட்டாத்தான் சரிவரும்” என்பார்கள். 7 கிலோவாற்றுப் பெட்டி நிறைவாக ஓடும்போது ஏறத்தாழ 32 அம்பியர் எடுக்கும். நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு உள்ள தனிக்கட்ட இணைப்போ 30 அம்பியர். காருக்கு மட்டுமே போதாத இணைப்பில் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் நீர்ப்பம்பியும் எங்ஙனம் ஓடும்? மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். செலவும் காத்திருப்பும் உண்டு. அது வேண்டியதுதானா என்பதைச் சிறு கணக்கொன்று காட்டிவிடும்.

16 அம்பியரில் ஓடும் பெட்டி மணிக்கு 3.7 அலகளவில் ஊட்டும். நேர வேறுபாட்டுக் கட்டணமுறையில் மலிவு வேளை இரவு 10.30 முதல் காலை 5.30 வரையாகும். இந்த ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய 25 அலகு ஏறிவிடும். அலகொன்றுக்கு ஐந்தரை கிலோமீற்றர் என்று குறைத்து மதித்தாலும் 135 கிலோமீற்றருக்குக் குறையாது. உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்கு வந்து போகின்றவருக்கு இதில் பத்திலொரு பங்கும் வேண்டியதில்லை. கிண்ணியாவுக்குப் போய் மீள்வதும் 60 கிலோமீற்றரைத் தாண்டாது. கொழும்புப் பயணம் ஒருவழி ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அதற்கும் முதனாளிரவே நிரப்பி வைத்திருந்தால் போதும், பெரிய பெட்டியால் ஆவது ஒன்றுமில்லை. எனவே அம்பியரைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பெட்டியை வாங்கி 16இல் நிறுத்திவைப்பதையே நாம் பரிந்துரைப்போம். மலிவு வேளைக் கட்டணம் தம் இணைப்பு வகைக்குக் கிட்டுமா என்பதைப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

“அப்படியாயின் காரோடு தந்த வயரை 13 அம்பியர் பிளக்கிலேயே செருகிவிடலாமே” என்பாரும் உளர். கணக்கின்படி அதுவும் போதும். ஆனால் நம்முடையது கடற்கரைப் பட்டினம். உப்புக் காற்று பிளக்கின் செப்புத் தகடுகளை மெல்லக் களிம்பேற்றுகிறது. களிம்பேறிய இடத்தில் தடை கூடுகிறது. தடை கூடிய இடம் சூடாகிறது. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். காரோ எல்லோரும் உறங்கும் வேளையில் ஏழு மணி நேரம் இடைவிடாது இழுக்கும். காலையில் பிளக்கைத் தொட்டுப்பார்த்துக் கை சுட்டால் அந்த இணைப்பை அன்றோடு நிறுத்திவிடுக. நீட்டிப்பு வயரைச் சுருளாக வைத்துக்கொண்டே காருக்கு மின்னூட்டுவது அதனிலும் கேடு. பிரதான பலகையிலிருந்து தனியாக இழுத்த 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும், அதற்கெனத் தனி பிரேக்கரும் 16 அம்பியருக்குத் தக்கவை.

இனி ஏர்த்துக்கு வருவோம். இலங்கையில் வீட்டுக்கு மின்கம்பத்திலிருந்து மின் வருகிறது, ஏர்த் வருவதில்லை. அதனை வீட்டுக்காரரே தம் வளவில் ஒரு கோலை இறக்கி ஆக்கிக்கொள்ள வேண்டும். வீடு கட்டிய காலத்தில் இறக்கிய கோலைப் பின்னர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். உவர்மலையிலோ கோல் ஆழ இறங்கப் பாறை விடாது. மாரியில் நிலம் நனைந்திருக்கும்போது நல்லதாய்த் தோன்றும் ஏர்த், கச்சான் காற்று வீசி மண் உலரும் மாதங்களில் கெட்டுவிடும். (கச்சான் என்றதும் வறுத்த கடலையை எண்ணற்க, நாம் சொல்வது தென்மேற்கிலிருந்து வரும் அனற்காற்றை.) ஆதலின் ஏர்த்தை மீற்றர் கொண்டு அளப்பிப்பவர் டிசம்பரில் அளந்து மகிழாமல் ஆகஸ்டில் அளப்பிப்பாராக. தேறாவிடின் இரண்டாவது, மூன்றாவது கோலை இடைவெளி விட்டு இறக்கி ஒன்றாகப் பிணைக்கலாம்.

நல்ல மின்னேற்றி, ஏர்த் குறைந்திருப்பதை உணர்ந்தால் சிவப்பு விளக்கைக் காட்டி ஊட்ட மறுக்கும். இங்கேதான் ஒரு தீய வழக்கத்தைப்பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. பெட்டி மறுக்கின்றது என்றதும், நியூற்றலையும் ஏர்த்தையும் பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவோர் இருக்கிறார்கள். சிவப்பு விளக்கு அணையும், கார் நிறையும், வீட்டுக்காரரும் மகிழ்வார். ஒரு நாள் புயற்காற்றில் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே நியூற்றல் மட்டும் அறுந்துவிட்டால், வீட்டில் எரியும் விளக்கினூடாகவும் ஓடும் விசிறியினூடாகவும் வந்த மின், அந்தத் துண்டு வயர் வழியே காரின் உடலுக்குப் பாயும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று கார்க் கதவில் கைவைக்கும் பிள்ளையை நினைத்துப் பார்க்க. பெட்டியின் முறைப்பாட்டை இங்ஙனம் அடக்குகின்ற தொழிலாளி எத்துணைக் கெட்டிக்காரராயினும் அவரை வளவுக்குள் விடாதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வதற்கும் ஓர் எல்லையுண்டு. பழைய வீடுகளிலுள்ள சுவிட்ச்சுகள் ஆடலோட்டக் கசிவை மட்டுமே உணர்பவை. கார்ப் பக்கத்திலிருந்து நேரோட்டம் கசியுமாயின் அவற்றின் இரும்பு உட்கரு மந்தமாகி, உண்மையான கசிவு நேரும் வேளையிலும் விழாமல் இருந்துவிடக்கூடும். அப்போது முழு வீட்டுக்கும் காவல் இல்லை. 6 மில்லி அம்பியர் நேரோட்டக் கசிவை உணர்ந்து நிறுத்தும் அமைப்பு உள்ளேயே உண்டா என்று கடையில் கேளுங்கள். உண்டெனில் வெளியே “ஏ” வகை, 30 மில்லி அம்பியர் சுவிட்ச் போதும். இல்லையெனில் விலைகூடிய “பீ” வகை வேண்டும். ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்பதைவிட இக்கேள்விக்கு நேரான விடை தரும் கடையே நல்ல கடை.

செருகியைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பீவைடீ அற்றோ 3 போன்ற புதிய கார்களுக்கு இரண்டாம் வகை. லீப்புக்கு முதலாம் வகை. சீன உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்டவற்றுக்கு வேறு. வயர் பிணைந்திராத, துவாரம் மட்டுமுள்ள பெட்டியாயின் கார் மாறினாலும் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் நிலம் பார்த்த சுவரில், வெள்ளம் எட்டாத உயரத்தில், சிறு தாழ்வாரத்தின் கீழ் மாட்டுக. வயர் அடியிலிருந்து நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் வாடைக்கால மழையும் உடன் நுழையும். ஆணிகள் துருவேறா உருக்காக இருத்தல் வேண்டும். இடி மிகும் ஏப்ரில், ஒக்ரோபர் மாதங்களை எண்ணிப் பலகையில் மின்னெழுச்சிக் காப்பும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னுமொன்று. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார் அமைச்சர். மின் போய் வந்தபின் தானாகவே மீண்டும் ஊட்டத் தொடங்கும் பெட்டியா, அன்றி எவரேனும் கைத்தொலைபேசியில் அழுத்தும்வரை காத்திருக்கும் பெட்டியா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையாயின், நள்ளிரவில் மின் போய்வந்த வீட்டில் விடியற்காலையில் வெறும் பற்றரிதான் இருக்கும்.