வரலாற்றில் முதன்முறையாக

செக்காலை ரோட்டில் இந்த வாரம் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருக்கிறது. எனக்கும் ஃப்ளெக்ஸுக்கும் உள்ள பகை இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குப் புதிதில்லை. காதுகுத்து ஃப்ளெக்ஸில் ஐந்து மாதக் குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதை எழுதப்போய், குழந்தையின் தாய்மாமனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இந்த முறை முடியவில்லை.

கோட் போட்ட ஆறு பேர் நிற்கிறார்கள். பின்னால் தென்னை, நீலக்கடல், தென்னைக்கு மேலே ஒரு விமானம். 'பண்பாட்டு, தொழில் பரிமாற்றக் குழுவின் பினாங்குப் பயணம் வெல்க' என்று கீழே போட்டிருக்கிறது. வெல்லட்டும், யார் வேண்டாம் என்றது? வினை மேல் வரியில் இருக்கிறது: 'காரைக்குடி வரலாற்றில் முதன்முறையாக!'

திருப்பதியில் நின்றுகொண்டு, 'வரலாற்றில் முதல் மொட்டை' என்று போர்டு வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

குழுவை அனுப்புகிற சங்கத்தின் செயலாளரைப் போனில் பிடித்தேன். நல்ல பிள்ளை, என்னிடம் டியூஷன் படித்தவர். "சங்க வரலாற்றிலன்னுதான் எழுதிக் குடுத்தோம் சார். டிசைன் போடுற பையன் சங்கத்த எடுத்துட்டு அவனாக் காரைக்குடின்னு போட்டுட்டான்" என்றார். மூச்சு விடாமல், "ஞாயித்துக்கிழமை வழியனுப்பு விழா. நீங்களும் வந்து ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று என் வாயை அடைக்கவும் வழி பண்ணிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படிக் குழு அனுப்புவது நல்ல காரியம்தான். ரோட்டரிக்காரர்கள் 1965 முதல் 2013 வரை உலகம் முழுக்க இதை நடத்தினார்கள். ரோட்டரி உறுப்பினர் ஒருவர் தலைவர். அவரோடு உறுப்பினரல்லாத நாலைந்து இளம் தொழில்காரர்கள். நாலு முதல் ஆறு வாரம் அயல்நாட்டில் இருந்து, அவரவர் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்துவர வேண்டும். எனக்குப் பிடித்தது அதில் இருந்த இன்னொரு ஏற்பாடு. ராத்தங்கல் அந்த ஊர்க்காரர்கள் வீட்டில். அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் எந்தக் குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் என்று தெரியாமல் நிற்கிறோமே, பண்பாட்டுப் பரிமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் குழுவுக்கு மொத்தம் பத்து நாள். கடற்கரை ஓட்டலில் தங்கல். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாள் 'ஷாப்பிங்' என்றிருக்கிறது. ஐந்தாம் நாளும்.

குழு இங்கேயே நிற்கட்டும். நான் கிட்டங்கிக்குப் போகிறேன்.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் தொழில் நடத்திய நீளக் கூடத்துக்குத்தான் கிட்டங்கி என்று பேர். நாற்காலி கிடையாது. ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் ஓர் இடம், கணக்கெழுதச் சாய்ந்த மூடி போட்ட ஒரு பெட்டி, பணத்துக்கு ஓர் இரும்புப்பெட்டி. பகல் முழுக்க லேவாதேவி நடக்கும். ராத்திரி அதே தரையில் பாயை விரித்தால் வீடு. பெட்டியடிப் பையனாகப் போய் உட்கார்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாகத் தலையெடுக்க வேண்டும். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அதுவரைக்கும் ஊர் கிடையாது, ஆச்சி முகம் கிடையாது. ஐந்தொகை எடுத்து ஒப்படைத்த பிறகுதான் கப்பல். 'கொண்டுவிக்கப் போறது' என்று இங்கே சொல்வார்கள். ஃப்ளெக்ஸ் எதுவும் கட்டவில்லை.

என் ஐயா செட்டியார் இல்லை, கிட்டங்கியில் சமையல்காரர். 1936இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர், 1941 தொடக்கத்தில் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு பினாங்கில் விழுந்தது. அவர் கொண்டுவந்த சொத்து: ஒரு தகரப்பெட்டி, நீல விளிம்பு வைத்த ஆறு மங்குத்தட்டு, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் மலாய் எண். கொல்லை மாமரத்தில் காய் இறக்கினால் 'சத்து, டுவா, தீகா, அம்பாட்' என்றுதான் எண்ணிக் கூடையில் போடுவார். எத்தனை காய் என்று தெரிந்தால் பேரப்பிள்ளைகள் பங்கு கேட்போமாம். ஒரே கோடையில் நாங்கள் ஏழு பேரும் மலாயில் எண்ணக் கற்றுக்கொண்டோம்.

அந்த 'மங்கு'வே மலாய்ச் சொல்தான். அங்கே மங்கோக் என்றால் கிண்ணம். இன்றைக்கு முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் அதையே செட்டிநாட்டு மங்கு என்று விலை சொல்கிறார்கள். வந்தது போலவே போனதும் உண்டு. மலாய்க்காரர் கடையைக் கெடாய் என்பார், கப்பலைக் காப்பால் என்பார், தொழிலில் போடுகிற முதலை மோடால் என்பார். நகரத்தாருக்கும் முன்னால் போன வணிகர்கள் விட்டுவிட்டு வந்த சொற்கள் இவை. கப்பல், கடை, முதல்: தமிழன் அங்கே எதற்குப் போனான் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

பினாங்கில் அருவி இறங்குகிற மலையை நம்மவர்கள் தண்ணீர்மலை என்றார்கள். அதன் அடிவாரத்தில் 1857இல் தண்டாயுதபாணிக்கு நகரத்தார் கோயில் கட்டினார்கள். தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் அங்கே போகும். வழிநெடுகச் சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். நான் சொல்ல வந்தது ரதத்தைப் பற்றி இல்லை. என் வகுப்பில் தண்ணீர்மலை என்று இரண்டு பையன்கள் இருந்தார்கள். பழனிமலை இங்கே பக்கத்தில் இருக்க, கடலுக்கு அந்தப் பக்கத்து மலையின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துக் கூப்பிட்ட ஊர் இது.

சிங்காரம் வந்துவிட்டாரா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வந்துவிட்டார். வருஷத்துக்கு நாலு தடவை அவரை இழுக்கிறேன் என்று பத்திரிகை ஆசிரியரே சலித்துக்கொண்டாயிற்று. நம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர் ப. சிங்காரம். பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யை எல்லாரும் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' மேல் எனக்குத் தனிப் பாசம். கையில் இருக்கும் பிரதியின் அட்டை போய்விட்டது. இரவல் கேட்கிறவர்களுக்குத் தோணியைத் தருவேன், இதைத் தருவதில்லை.

பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கிற வானாயீனாவிடம் வேலை பார்க்கிறவன் செல்லையா. முதலாளி மகள் மரகதத்தின்மேல் அவனுக்குப் பிரியம், அவளுக்கும். இடையில் யுத்தம் வருகிறது. செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து போய்விட்டுத் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்துவிட்டு வந்தவன் இனிமேல் அடங்கி உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுத லாயக்கில்லை என்று முதலாளிக்குத் தோன்றிவிடுகிறது. பெண் கொடுக்க மறுக்கிறார். கதையில் அவர் வில்லன் இல்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் சிங்காரம் குறைவைக்காமல் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் நான் யார் கட்சி என்று குழம்பிப்போகிறேன். முதலாளிக்கு வேண்டியது போன மாதிரியே திரும்பி வருகிற பையன். செல்லையா வேறு ஆளாக வந்து நிற்கிறான். பரிமாற்றம் என்றால் அதுதானே? போனவர் போனபடியே திரும்பினால் அதற்கு ஷாப்பிங் என்று பேர்.

சிங்காரமும் போனபடி திரும்பியவர் இல்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனி ஆளாகவே காலம் தள்ளி, 1997இல் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் இரண்டு நிமிஷம் பதினைந்து நிமிஷமாயிற்று. சிங்காரத்துக்கு மட்டும் எட்டு. செயலாளர் இரண்டு தடவை மணி அடித்தார். இறங்கி வந்ததும், குழுவில் ஒரு பெண், ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறையை அப்பாவுக்குப் பிறகு எடுத்து நடத்துகிறவள், என்னிடம் வந்தாள். "சார், ஒரு ராத்திரியாவது அங்க யார் வீட்லயாவது தங்குற மாதிரி ஏற்பாடு பண்ண முடியுமா?" என்று கேட்டாள். ஃப்ளெக்ஸ் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. செயலாளரைப் பார்த்தேன். "பேசிப் பாக்குறேன் சார். ஆனா பதிலுக்கு டிசம்பர்ல அவுக வராக. நம்ம பக்கம் யாரு வீட்ல தங்க வைக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். கடல் தாண்டிச் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகள் இந்த வட்டாரத்தில் தெருத்தெருவாக நிற்கின்றன. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு கல்யாணக் கூட்டமே தங்கலாம். ஒன்றில் பங்காளிகள் எட்டுப் பேர், ஒன்றின் சாவி சென்னையில், ஒன்று ஓட்டலாகிவிட்டது. பினாங்குக்காரருக்குத் திறக்க ஒரு கதவு கிடைக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு ரெண்டு பேர அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. மங்குத்தட்டு மட்டும் மூன்று மிச்சமிருக்கிறது, விளிம்பு பெயர்ந்து.

வீட்டுக்காரியிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது சரி. குளிக்கிற ரூம்ல அந்தக் குழாயச் சரி பண்ணச் சொல்லி எத்தன மாசமாச்சு?" என்றாள்.

பிளம்பர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.