மலிவா வாங்கினா போதுமா?

பி.காம் முடிச்சுட்டு வெளிநாடு போறதுன்னா நம்ம பசங்களுக்கு ஞாபகம் வர்றது அக்கவுன்ட்ஸ், விட்டா ஆடிட். சொகுசு ஹோட்டல்ல பர்ச்சேஸ் வேலைன்னு சொன்னா, "சாமான் வாங்கிப் போட டிகிரி எதுக்குடா?"ன்னு சிரிக்கிறாங்க. என்னைக் கேட்டா, காமர்ஸ் படிச்சவனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனா "குறைஞ்ச விலை சொன்னவனுக்கு ஆர்டர்"ங்கிற நினைப்போட போனா ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

மாலத்தீவை எடுத்துக்குங்க. அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். மீன், தேங்காய், தொட்டூ தீவுல விளையுற தர்பூசணி மாதிரி சிலதை விட்டா மீதி எல்லாம் கடல் தாண்டித்தான் வரணும். மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் தனி அனுமதி வேற. நாம மனப்பாடம் பண்ற ஈ.ஓ.க்யூ. சூத்திரம் ஃபோர்டு ஹாரிஸ் 1913ல எழுதினது. ஆர்டர் போட்டா இத்தனை நாள்ல சரக்கு வந்துடும், தேவையும் மாறாதுன்னு அது நம்புது. பருவமழைக் கடலுக்கு அதெல்லாம் தெரியுமா? :-) படகு வரலேன்னா பக்கத்துத் தெரு அண்ணாச்சி கடைக்கு ஓட முடியாது. ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் ரூபா கொடுத்துத் தங்குறவர்கிட்ட "இன்னிக்கு முட்டை இல்லை"ன்னும் சொல்ல முடியாது.

முட்டைன்னதும் ஞாபகம் வருது. 1981லேருந்து இருக்கிற ஏற்பாட்டின்படி மாலத்தீவுக்குன்னு இந்தியா தனி ஒதுக்கீடு தருது. 2023 டிசம்பர்ல வெங்காய ஏற்றுமதியைத் தடை பண்ணினோம். தடை இருந்தப்பவே, 2024-25க்கு அவங்களுக்குச் சுமார் 35,700 டன் வெங்காயமும் 42 கோடிக்கு மேல முட்டையும் ஒதுக்கினாங்க. அந்த நாட்டு ஜனத்தொகையே ஏறக்குறைய 5 லட்சம்தான்! டெல்லியில போடுற ஒரு அறிவிப்பு அங்கே சமையலறை வரைக்கும் போகுது. பர்ச்சேஸ்ல இருக்கிறவன் கொட்டேஷன் மட்டும் பார்த்தா ஆகாது, நியூஸும் பார்க்கணும்.

அடுத்தது சூரை மீன். சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிடலாம். ஆனா பிடிச்ச உடனே ஐஸ்ல வைக்கலேன்னா அதுல ஹிஸ்டமின் சேர்ந்துடும், எவ்வளவு வேகவெச்சாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலிச்சு, வாந்தி. ஜெட்டியில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்து "வேண்டாம், திருப்பிக் கொண்டு போங்க"ன்னு சொல்லணும். சொன்னா ராத்திரி மெனுவுக்கு மீன் இல்லைன்னு செஃப் கத்துவார். சொல்லித்தான் ஆகணும்.

இந்த வேலையில எனக்குப் பயமா இருக்கிற விஷயம் கமிஷன். சப்ளையர் முதல்ல பேரீச்சம்பழ டப்பாதான் கொடுப்பார், அப்புறம் போன். வேலையை நம்பித்தான் அங்கே தங்குற அனுமதியே. அதனால மாட்டினா வேலையோட ஊரும் போச்சு. அதுக்குத்தான் ஆர்டர் போடுறவர் ஒருத்தர், சரக்கை எடை போட்டு வாங்குறவர் இன்னொருத்தர், ஆர்டர், சரக்கு ரசீது, பில் மூணையும் ஒப்பிட்டுப் பணம் கொடுக்கிறவர் வேறொருத்தர்னு பிரிச்சு வைக்கிறாங்க. ஆடிட்டிங் பேப்பர்ல நாம அஞ்சு மார்க்குக்கு எழுதுற 'இன்டர்னல் செக்' இதுதான். அதை நேர்மையா இருக்கிறவனைக் காப்பாத்துற ஏற்பாடாத்தான் நான் பார்க்கிறேன்.

அதனால இன்டர்வியூவுல சம்பளம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் கேட்டு முடிச்சதும், சரக்கை வாங்கிக் கையெழுத்துப் போடுறது யாருன்னும் கேளுங்க. "நீங்களேதான்"னு பதில் வந்தா, சம்பளம் எவ்வளவா இருந்தாலும் நான் போக மாட்டேன்.